உம்மானி நூறு காட்டிய நாள்

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் அறுபத்து நான்கு கழுத்துகள் கிருத்திகாவின் திரையில் வரிசையாக நின்றன. முகமும் கொஞ்சம் தெரியும். மூக்கு நுனியிலிருந்து கழுத்தெலும்பு வரைக்கும்தான் ஒவ்வொரு சதுரத்திலும் இடம். அதற்கு மேலே இருக்கிற கண், நெற்றி எல்லாம் கல்விக்குத் தேவையில்லை என்று பள்ளியை நடத்தும் நிறுவனம் முடிவு செய்திருந்தது. ஒவ்வொரு கழுத்திலும் விரற்கடை அகலத்தில் சாம்பல் நிறப் பட்டை. பட்டைக்குக் கீழே ஓர் எண். அறுபதுக்கு மேல் என்றால் பச்சை, நாற்பதுக்கு மேல் மஞ்சள், அதற்கும் கீழே போனால் சிவப்பு.

நீராவி கண்ணுக்குத் தெரியாது என்று கிருத்திகா சொன்னாள். உடனே அறுபத்து மூன்று எண்கள் லேசாகத் துடித்து ஏறின. நாற்பத்திரண்டாம் சதுரத்தில் மட்டும் முப்பத்தொன்று என்று சிவப்பாக நின்றது. அந்தக் கழுத்துக்கு உரியவள் மதியரசி. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் குழந்தைவேலுவின் மகள்.

"மிஸ், ஆவி கண்ணுக்குத் தெரியாதுன்னா, இட்லிக் குண்டாவத் தொறந்தா வெள்ளையா வருதுங்களே, அது என்னங்க?"

இருபது வருடம் பாடம் நடத்திய ஒருத்திக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. அறுபத்து நான்கு பிள்ளைகளும் அவரவர் வீட்டு இட்லிக் குண்டாவை நினைத்துப் பார்த்தார்கள். பதினொரு வினாடி ஒரு தொண்டையும் அசையவில்லை. திரை முழுவதும் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகி, மேலே ஓர் எச்சரிக்கை ஓடியது: வகுப்பில் கவனச் சிதறல், காரணம் இருக்கை 42. அது நீராவி இல்லை, ஆவி குளிர்ந்து உண்டாகும் நுண்ணிய நீர்த்துளிகள் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் இன்னும் நான்கு கேள்வி வரும். கிருத்திகா அப்புறம் சொல்வதாகச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனாள். எண்கள் மெல்லப் பச்சைக்குத் திரும்பின.

அந்தப் பட்டைக்குப் பெயர் உம்மானி. நம் ஆட்கள் எதைக் கேட்டாலும் உம் கொட்டுவார்கள். போனில் எதிராளி நாலு வார்த்தைக்கு ஒரு தடவை உம் கொட்டாவிட்டால், லைனில் இருக்கிறாயா என்று சந்தேகம் வந்துவிடும். இந்தப் பழக்கத்தை வைத்து நிறுவனத்தில் ஒருவர் முனைவர் பட்டம் வாங்கினார். வாயை மூடிக்கொண்டு கேட்கும்போதுகூடத் தொண்டைத் தசை நூலிழை அளவுக்கு அசைகிறது, அது வெளியே வராத உம் என்று அவர் கண்டுபிடித்தார். பட்டையின் உள்பக்கம் இருக்கும் ஆயிரக்கணக்கான உணர்முடிகள் அந்த அசைவை எண்ணும். பக்கத்தில் தறி ஓடினாலும் குழந்தை அழுதாலும் அதற்குப் பொருட்டில்லை. இதுவரைக்கும் விஞ்ஞானம், கைதட்டலாம்.

இதற்கு மேல் நடந்ததுதான் அசிங்கம். அந்த உம்முக்குக் கவனம் என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது 'சரி' என்பதற்கான அசைவு. புதிதாக ஒன்றைக் கேட்டு ஒருவன் திகைத்தால் அவன் தொண்டை நின்றுவிடும், யோசிக்கும்போதும் நின்றுவிடும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது யோசித்துப் பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்கும். நிறுவனத்தில் யாருக்கும் அந்த அனுபவம் இல்லை போலிருக்கிறது.

வெயில் தாங்காமல் பள்ளிக் கட்டிடங்களை மூடி ஆறு வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் வீட்டில், கழுத்தில் பட்டையோடு. பட்டைக்கு அடியில் தடவும் பசையும் வியர்வையும் சேர்ந்து ஊறவைத்த தோல் மாதிரி ஒரு வாடை வரும். அதைக் கழற்றினால் கழுத்தைச் சுற்றிச் சிவந்த வளையம், அதில் பொடிப்பொடியாகக் கொப்புளம். அம்மாக்கள் வேப்பிலைத் தண்ணீரில் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டுவார்கள். தெருவுக்குத் தெரு உம் பயிற்சி வகுப்பு முளைத்திருந்தது. அங்கே முப்பது பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரும் எதுவும் சொல்லாமலே, ஒரு மணி நேரம் உம் உம் என்று தொண்டையைப் பழக்கிக்கொண்டிருப்பார்கள். வாசலில் பெற்றோர் பெருமையோடு காத்திருப்பார்கள்.

அன்று மத்தியானம் கவன மேலாளர் பிரணவ் கிருத்திகாவைத் திரையில் அழைத்தான். வயது முப்பதுகூட இருக்காது. இதுவரை ஒரு வகுப்பும் எடுத்ததில்லை, ஆனால் பாடம் நடத்துவது எப்படி என்று அவளுக்கு மாதம் இரண்டு முறை சொல்லிக்கொடுப்பான். முப்பது நாள் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே இருந்தால் அந்த மாணவியை வகுப்பிலிருந்து எடுத்துத் திறந்த பிரிவில் போட்டுவிடுவார்கள் என்று நினைவூட்டினான். திறந்த பிரிவு என்றால் ஆசிரியரே இல்லாத பிரிவு. பழைய பாடப் பதிவுகளைக் குப்பை மாதிரி கொட்டி வைத்திருப்பார்கள், பிள்ளை தானே கிளறிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே போன யாரும் திரும்பி வந்ததில்லை. மதியரசிக்குப் பதினொரு நாள் முடிந்துவிட்டது. இன்னும் பத்தொன்பது நாள்.

கிருத்திகா அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறவள் என்று எடுத்துச் சொன்னாள். பிரணவ் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அழகாக உம் கொட்டினான். அவள் முடித்ததும், எண் முப்பத்தொன்றுதானே மேடம் என்றான்.

மாலையில் குழந்தைவேலு பேசினார். சட்டை முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தது. நிறுவனத்திலிருந்து அறிவிப்பு வந்ததாகச் சொல்லி, அதைப் படித்துக்காட்டக் கண்ணாடியைத் தேடினார். கிருத்திகா வேண்டாம் என்றாள்.

"எங்க வம்சத்துல பத்தாவது தாண்டினவங்க யாருமில்லீங்க மிஸ். இவ தாண்டிருவான்னு நெனச்சனுங்க. ஊட்ல எங்கள உக்கார உடமாட்டா, அது ஏன், இது ஏன்னு அத்தன தொணதொணப்பு. இந்தப் புள்ளைக்குப் போயி கவனமில்லைன்னு சொல்றாங்களே, அது எப்படிங்க?"

எப்படி என்று கிருத்திகாவுக்குத் தெரியும். ஆனால் பள்ளிச் செயலியில் பேசுவதை எல்லாம் நிறுவனம் வரி விடாமல் அலசும். அவள் வேலையும் வகுப்பின் சராசரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள். குழந்தைவேலு திரையைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் வகுப்புக்கு முன்னால் இருபது நிமிடம் மதியரசிக்கு மட்டும் தனிப் பயிற்சி. நிறுவனமே இதற்கு ஒரு கையேடு வைத்திருந்தது. தொண்டை நிற்கும் பிள்ளைக்குச் சந்தேகம் வரக்கூடிய வாக்கியங்களாகச் சொல்ல வேண்டும், அவற்றுக்கும் நிற்காமல் உம் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தவறான வாக்கியங்கள்தான் இதற்கு மிகவும் ஏற்றவை என்று தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு. அதை எழுதியவனும் எங்கேயோ ஒரு வாத்தியாரிடம் படித்தவன்தான்.

"சந்தேகம் வந்தா என்ன பண்ணுவ?" என்று கிருத்திகா கேட்டாள்.

"நின்னு யோசிப்பேனுங்க மிஸ்."

"நிக்காத கண்ணு. எச்சிலை முழுங்கிட்டு உம் போட்டுரு. யோசிக்கிறத அப்புறம் வெச்சுக்கலாம்."

"அப்புறம் போயிப் பாத்தா அது அங்கயே இருக்குங்களா?"

இருக்கும் என்று கிருத்திகா சொன்னாள். சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு பயிற்சி தொடங்கியது. சூரியன் மேற்கில் உதிக்கிறது என்றாள். மதியரசி சிரித்துவிட்டாள், எண் இருபதுக்கு விழுந்தது. இரும்பு தண்ணீரில் மிதக்கும் என்றாள். கப்பல் மட்டும் எப்படி மிதக்கிறது என்று மதியரசி ஆரம்பித்து, நினைவு வந்து, எச்சிலை விழுங்கினாள். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. ஆறாம் நாள் புருவம் சுருங்கவில்லை என்று தோன்றியது, சதுரத்தில் புருவம் தெரியாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்தாம் நாள், நெருப்பு குளிர்ச்சியானது, பாம்புக்கு நான்கு கால், ஐந்தும் ஐந்தும் பதினொன்று என்று கிருத்திகா சொல்லச் சொல்ல, அந்தச் சின்னத் தொண்டை ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக அசைந்தது. எண் எண்பத்தெட்டு. பச்சை.

கிருத்திகா எழுந்து போய் வாயைக் கொப்பளித்தாள். மூன்று தடவை கொப்பளித்தும் அழுகிய எதையோ மென்றதுபோல ஒரு ருசி நாக்கிலேயே நின்றது. அந்தப் பெண்ணின் இடத்தைக் காப்பாற்றத்தானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஒன்பது மணி வகுப்பைத் திறந்தாள்.

முப்பது நாள் கெடு முடிவதற்கு முன்பே மதியரசி தொண்ணூற்று நான்கைத் தொட்டாள். திறந்த பிரிவு அறிவிப்பு ரத்தானது. இட்லிக் குண்டா மாதிரிக் கேள்விகள் அதன்பிறகு வரவில்லை. அவள் நிறுத்தியதும் மற்றவர்களின் தொண்டைகளும் நிற்பதற்குக் காரணம் இல்லாமல் போனது. வகுப்பின் சராசரி தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று ஏறியது. தென்மண்டலத்தில் எந்த வகுப்பும் நூறைத் தொட்டதில்லை, முயற்சி செய்யுங்கள் என்று பிரணவ் எழுதினான். கிருத்திகாவுக்கும் ஆசை வந்துவிட்டது. பாடம் நடத்தும்போது அவள் கண் திரையின் மேல்மூலையில் இருந்த சராசரியை விட்டு நகரவே இல்லை.

அந்த மாதக் கடைசியில் அமிலப் பாடம் வந்தது. செய்முறைக்கு வேண்டியதை ஆய்வுப் பெட்டி என்று நிறுவனமே வீட்டுக்கு வீடு அனுப்பியிருந்தது. பீக்கர், சோதனைக் குழாய், ஒரு கண்ணாடிப் புட்டியில் அடர் கந்தக அமிலம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அமிலத்தைப் பார்சலில் அனுப்பும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. பெட்டியில் பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் இருந்தன. ஆனால் முகக்கவசத்தின் விளிம்பு உம்மானியில் உரசி எண்ணைக் குறைக்கிறது என்று பெற்றோர் புகார் செய்ததால், விருப்பப்பட்டவர்கள் அதைக் கழற்றிவிடலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. எல்லோரும் விருப்பப்பட்டார்கள்.

பாடம் ஒரே வரிதான். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், சொட்டுச் சொட்டாக. அமிலத்தில் நீரை ஊற்றினால் சட்டென்று கொதித்துத் தெறிக்கும். இருபது வருடமாக அவள் வாய் உருப்போட்ட வரி. அன்று வகுப்பு தொடங்கியதிலிருந்தே சராசரி தொண்ணூற்றொன்பதில் நின்றது. இன்னும் ஒன்றே ஒன்று. அதைப் பார்த்தபடியே கிருத்திகா, பெட்டியைத் திறக்கச் சொன்னாள், கண்ணாடியைப் போடச் சொன்னாள், பீக்கரை எடுக்கச் சொன்னாள். பிறகு, "இப்ப அமிலத்துல தண்ணிய ஊத்துங்க" என்றாள்.

'இல்'லும் 'ஐ'யும் இடம் மாறிவிட்டன. அவ்வளவுதான் நடந்தது.

ஒரு தொண்டைகூட நிற்கவில்லை. அறுபத்து நான்கு எண்களும் ஒன்றாகத் துடித்தன. மேல்மூலையில் நூறு என்று வந்தது. திரை முழுவதும் பச்சையாகி, நிறுவனம் இதற்கென்றே சேர்த்துவைத்திருந்த கெட்டிமேளம் முழங்கியது. கிருத்திகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வினாடி, நான்கு வினாடி அவள் அந்த நூறையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது.

ஊற்றாதீர்கள் என்று அவள் கத்தியது கெட்டிமேளத்தில் அமுங்கியது. அங்கங்கே சதுரங்களில் வெள்ளையாகப் புகை எழுந்தது. ஒரு பீக்கர் வெடித்துக் கீழே விழுந்தது. இருபத்தேழு பேர் ஊற்றியிருந்தார்கள். சோம்பேறிகளும் மெதுவானவர்களும் தப்பினார்கள். ஊற்றியவர்களிலும் பலர் சரித்துவிட்டு விலகிக்கொண்டதால் கையில் ஒன்றிரண்டு சொட்டோடு போயிற்று. மதியரசி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. அளவு பார்த்து, குனிந்து, பீக்கருக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஊற்றியிருந்தாள். நாற்பத்திரண்டாம் சதுரத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவள் அம்மா வீரிட்ட சத்தம் கேட்டது.

விசாரணைக்கு நிறுவனம் நான்கு நாள் எடுத்துக்கொண்டது. பிரணவும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் திரையில் உட்கார்ந்திருந்தார்கள். கிருத்திகா எதையும் மறைக்கவில்லை. மாற்றிச் சொன்னது நான்தான், என் கண் எண்ணின்மேல் இருந்தது, தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றாள். மூவரும் உம் கொட்டினார்கள். அவள் சொன்ன எதுவும் பதிவேட்டில் ஏறவில்லை.

"மேடம், நீங்க எமோஷனலா இருக்கீங்க. டேட்டாவைப் பாருங்க. தப்பா சொல்லியிருந்தா பிள்ளைங்க கவனம் குறைஞ்சிருக்கணும் இல்லையா? நூறு வந்திருக்கு. அப்ப நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றான் பிரணவ்.

அப்படியானால் வகுப்பின் ஒலிப்பதிவை எடுத்துப் போட்டுப் பாருங்கள் என்று கிருத்திகா கெஞ்சினாள். ஆசிரியர் பேசுவதை நிறுவனம் சேமித்து வைப்பதில்லை என்று பிரணவ் பொறுமையாக விளக்கினான். அலசி முடித்ததும் அழித்துவிடுவார்களாம், இடம் போதாதாம். உம்கள் மட்டும் பத்து வருடத்துக்குப் பத்திரமாக இருக்குமாம். மண்டலத்தின் முதல் நூறு அவள் வகுப்பு என்பதால் அவளுக்கு ஒரு கேடயம் வருகிறது என்றும், பிள்ளைகள் கையைக் கவனமாகப் பயன்படுத்தும்படி பெற்றோருக்குச் சுற்றறிக்கை போகிறது என்றும் சொன்னான். அவளுக்கு அந்தத் திரைமேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவில்லை, இணைப்பைத் துண்டித்தாள். ராஜினாமாவை எழுதி அனுப்பிவிட்டு, கோவைக்குப் பேருந்து ஏறினாள்.

மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. குழந்தைவேலு அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அடிப்பார், திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு வந்தவளை அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கண் தப்பிவிட்டது, கழுத்தும் தாடையும் வலது கையும்தான் என்று டாக்டர் சொன்னாராம். பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்ததாம், நூறு எடுத்ததால் பன்னிரண்டாவது வரைக்கும் மதியரசியின் இடத்தை யாரும் தொட முடியாதாம். "எல்லாம் நீங்க காட்டுன வழிங்க மிஸ்" என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார்.

கிருத்திகா முதல் தடவையாக மதியரசியின் கண்களைப் பார்த்தாள். ஒரு வருடம் பாடம் நடத்தியும் அவை எப்படி இருக்கும் என்று தெரியாமலே இருந்துவிட்டாள். பெரிய கண்கள், அயர்ந்திருந்தன. கழுத்தில் பட்டை இருந்த இடத்தில் கட்டுப் போட்டிருந்தார்கள். மருந்து வாடையையும் மீறிக் கருகிய தோலின் வாடை வந்தது.

"நான் மாத்திச் சொன்னது உனக்குத் தெரியலையா கண்ணு?"

"தெரிஞ்சுதுங்க மிஸ். அமிலத்துல தண்ணி ஊத்துனா தெறிக்கும்னு மொத நாளே பாடத்துல படிச்சிருந்தனுங்க."

"தெரிஞ்சுமா?" என்றாள் கிருத்திகா. "தெரிஞ்சும் நீ ஏன் கண்ணு கேக்கல?"

மதியரசிக்கு முகம் சுருங்கியது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குகிற பிள்ளையின் முகம் அது.

"கேட்டனே மிஸ். நூத்துக்கு நூறு கேட்டனுங்களே."

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். குழந்தைவேலு ஆமாம் என்று தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து செல்பேசியை எடுத்து, மகளின் அன்றைய எண்ணைத் தேடித் திறந்து, ஆசிரியையிடம் நீட்டினார்.